பரனூரில் நிற்காத வண்டி

"வருவாங்க" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு வந்துவிட்டாள் வேதவல்லி. சொல்லிவிட்டு வந்த நாளிலிருந்து அந்த ஒரு வார்த்தை அவளைப் போட்டு ஆட்டுகிறது. பல் தேய்க்கும்போது, சோறு கட்டும்போது, இதோ இப்போது பரனூர் ஸ்டேஷனில் தூணோரம் நின்றுகொண்டு வண்டி வரும் திசையைப் பார்க்கும்போதும் அதேதான். நர்ஸ் ஒன்றும் பெரிதாகக் கேட்டுவிடவில்லை. புதன்கிழமை ஆபரேஷன்மா, செவ்வாய்க்கிழமை சாயந்திரமே வந்து படுத்துக்கணும், ராத்திரி கூட ஒரு லேடி இருக்கணும், ஜென்ட்ஸை வார்டுக்குள்ள விடமாட்டோம், யாரு வருவாங்க? அவ்வளவுதான் கேட்டாள். தலையைக்கூட நிமிர்த்தவில்லை, நூறு பேரிடம் கேட்கிற கேள்வி. வருவாங்க என்றாள் இவளும். யாருடீ வருவாங்க? உனக்கு யாரு இருக்கா வர்றதுக்கு? கர்ப்பப்பையை எடுக்கப்போகிறார்கள், ஊரில் உலகத்தில் இல்லாத ஆபரேஷனா, அவளவள் எடுத்துப்போட்டுவிட்டு ஒரு மாதத்தில் குடம் தூக்குகிறாள். பயம் அதில்லை. சரி, அதிலும் கொஞ்சம் பயம்தான், இல்லையென்று எதற்குப் பொய் சொல்ல வேண்டும். ஆனால் மயக்கம் தெளிந்து கண்ணைத் திறக்கும்போது எதிரே சுவர் மட்டும் இருக்குமே, அதுதான் பயம். தண்ணி என்று கேட்டால் யாரிடம் கேட்பது? வண்டி வந்தது. சும்மா சொல்லக்கூடாது, புது வண்டி, பளபளவென்று இருக்கிறது, அடுத்த ஸ்டேஷன் பெயர் எழுத்தில் ஓடுகிறது, பரனூரில் ஏறினால் நிச்சயம் உட்கார இடம் உண்டு. லேடீஸ் பெட்டியில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். உட்கார்ந்த கையோடு பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துப் பக்கத்து சீட்டில் விரித்தாள்.

விரித்த பிறகுதான் தெரிந்தது. அட, கையே, உனக்கு எத்தனை தரம் சொல்வது, யாருக்கு இந்த இடம்? கை கேட்கிறதா என்ன, அதுபாட்டுக்கு விரிக்கிறது. இருபத்தைந்து வருஷப் பழக்கம். காலை எட்டு பத்து வண்டி என்று ஒன்று இருந்தது. செங்கல்பட்டிலிருந்து கடற்கரை வரை எல்லா ஸ்டேஷனிலும் நின்று நின்று போகும், போகிற வேகத்துக்கு இறங்கி நடந்துவிடலாம் போலிருக்கும். அதை விட்டால் அடுத்ததற்கு முக்கால் மணி நேரம், அதனால் அத்தனை பேரும் அதில்தான். பரனூரில் ஏறுகிறவள் என்பதால் இடம் போடுவது வேதவல்லியின் வேலை. கைக்குட்டை, சாப்பாட்டுப் பை, குடை, துப்பட்டா என்று ஒரு வரிசையையே வளைத்துப் போட்டுவிடுவாள், மற்றவர்கள் முறைத்தால் முறைக்கட்டும். பொத்தேரியில் நசீமா ஏறுவாள், கூடுவாஞ்சேரியில் ஜெபக்கனி, வண்டலூரில் சுகந்தி. ஏறும்போதே ஜெபக்கனியின் குரல் முதலில் வரும், ஆள் பின்னால் வரும். ஏட்டி வேதா, நேத்து என்ன நடந்துச்சு தெரியுமா! திருநெல்வேலிப் பேச்சு அவளை விட்டுப் போகவே இல்லை. மாமியார் கதை, புருஷன் கதை, ஆபீஸ் மேனேஜர் கதை, எல்லாம் தாம்பரத்துக்குள் முடிந்து, தாம்பரத்துக்கு மேல் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து ஆளுக்கு ஒரு வாய். யார் வீடு எந்தத் தெரு என்று ஒருத்திக்கும் தெரியாது. ஆனால் யார் வீட்டில் யார் குடிக்கிறான், யாருக்கு எத்தனை நாள் தள்ளிப் போயிருக்கிறது, எல்லாம் தெரியும். அப்படி ஒரு உறவு. அதற்குப் பேர் என்னவென்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஸ்நேகிதம் என்றால் குறைச்சலாக இருக்கிறது.

அந்தக் கூட்டம் கலைந்துபோனதற்கு யாரைக் குற்றம் சொல்வது? அதுதான் கொடுமை. கூடுதல் வண்டி வேண்டும், வேகவண்டி வேண்டும், பெட்டி கூட்ட வேண்டும் என்று பெட்டி பெட்டியாக ஏறி இறங்கிக் கையெழுத்து வாங்கியது யார்? சாட்சாத் இதே வேதவல்லி. கூட்டத்தில் நசுங்கி ஒருத்தி மயங்கி விழுந்த அன்றைக்கு ஆரம்பித்த வேகம். அக்கா ஒரு கையெழுத்து, அம்மா ஒரு கையெழுத்து, எழுதத் தெரியாதா பரவாயில்ல கைநாட்டு வையுங்க. ரயில்வே ஆபீஸில் போய் நின்றாள், அந்த அதிகாரி உட்காரச் சொன்னார், நாற்காலி நுனியில் உட்கார்ந்தபடி கணீரென்று பேசினாள். ஜெபக்கனி வாயைப் பிளந்துவிட்டாள். ஏட்டி, நீ கட்சியில சேந்துரு. வருஷக்கணக்காக ஒன்றும் நடக்கவில்லை, பிறகு நடக்க ஆரம்பித்ததும் கண்மூடித் திறப்பதற்குள் நடந்துவிட்டது. மண் கொட்டினார்கள், புதுப் பாதை போட்டார்கள், பத்து நிமிஷத்துக்கு ஒரு வண்டி வந்தது, பெரிய ஸ்டேஷன்களில் மட்டும் நிற்கிற வேகவண்டியும் வந்தது. முதல் நாள் மைசூர்பாகு வாங்கிப் பெட்டி முழுக்கக் கொடுத்தவள் இவள்தான். எல்லோரும் கை தட்டினார்கள். அடுத்த வாரம் நசீமாவைக் காணோம், பிள்ளையை ஸ்கூலில் விட்டுவிட்டு அடுத்த வண்டியில் வருகிறாளாம். நியாயம்தானே. சுகந்திக்கு முந்தின வண்டிதான் தோது. அதுவும் நியாயம். கடைசியாக ஜெபக்கனி. வேகவண்டி கூடுவாஞ்சேரியில் நிற்கிறது. "ஏட்டி, அரை மணி நேரம் மிச்சமாவுதுல்லா, அரை மணி நேரம் கூடத் தூங்குவேன்ட்டி, நெனச்சுப் பாரு" என்றாள். தூங்கட்டும் பாவம், முப்பது வருஷமாகத் தூங்காதவள். பரனூரில் வேகவண்டி நிற்காது. பரனூருக்காக எந்த வேகவண்டி நிற்கும்? எல்லோருக்கும் நல்லது நடந்துவிட்டது. அந்த நல்லதைக் கேட்டுக் கேட்டு வாங்கிக் கொடுத்தவள் மட்டும் ஒரு முழு வரிசையில் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். இதை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். இவளுக்கே சில சமயம் சிரிப்பு வருகிறது, வந்து பாதியில் நின்றுவிடுகிறது.

காட்டாங்குளத்தூர் வருவதற்குள் மற்ற இடமெல்லாம் நிரம்பிவிட்டது. அங்கே ஏறிய காலேஜ் பெண் ஒன்று எதிரே வந்து நின்று காதிலிருந்து ஒரு பக்கத்து வயரை எடுத்து, "ஆன்ட்டி, இங்க ஆள் வர்றாங்களா?" என்று கேட்டது. "வருவாங்கம்மா, கூடுவாஞ்சேரியில ஏறுவாங்க." நாக்கு எப்படித்தான் இவ்வளவு சரளமாகப் பொய் சொல்லுகிறதோ. அந்தப் பெண் கம்பியில் சாய்ந்து நின்று போனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டது. கூடுவாஞ்சேரி வந்தது, நாலைந்து பேர் ஏறினார்கள், யாரும் கைக்குட்டையைப் பார்த்து வரவில்லை. அந்தப் பெண் ஒரு தரம் நிமிர்ந்து காலி சீட்டைப் பார்த்தது, பிறகு இவளைப் பார்த்தது. வேதவல்லிக்கு மானமே போய்விட்டது. நர்ஸிடமும் இதே பொய், இந்தக் குழந்தையிடமும் இதே பொய். வருவாங்க, வருவாங்க. போனை எடுத்துப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். எட்டு பத்து லேடீஸ் என்று வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் இன்னும் இருக்கிறது. காலை வணக்கம், ரோஜாப்பூ, காலை வணக்கம், பிள்ளையார், காலை வணக்கம், காப்பி டம்ளர். அதற்குக் கீழே போய், எனக்கு ஆபரேஷன், துணைக்கு யாராவது வர முடியுமா என்று எப்படி எழுதுவது? ஞாயிற்றுக்கிழமை எழுதினாள், அழித்தாள். மறுபடி எழுதினாள், அழித்தாள். கடைசியில் ஒரு மயில் படத்தைப் போட்டுவிட்டு வைத்துவிட்டாள். ஜெபக்கனிக்குப் போன் பண்ணாமலில்லை. போன் செய்தால் அவள் கடைத்தெருவில் நிற்கிறாள், என்னட்டி விசேஷம் என்கிறாள். விசேஷம் என்று கேட்டால் என்ன சொல்வது? ஒண்ணுமில்லடி, சும்மாதான். வண்டியில் யாரும் யாரையும் விசேஷம் என்று கேட்டதில்லை. பக்கத்தில் உட்கார்ந்தாயா, ஜன்னலுக்கு வெளியே பார்த்தாயா, பல்லாவரம் வருவதற்குள் விஷயம் தானாக வெளியே வந்துவிடும். முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டியதில்லை, முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை. போனில் அது வரமாட்டேன் என்கிறது.

வண்டலூரில் ஒரு செக்யூரிட்டி அம்மாள் ஏறினாள். நீலச் சட்டை, தோளில் பட்டை, கையில் ஒரு கட்டைப்பை. ஆள் வருதா கீள் வருதா என்றெல்லாம் கேட்கவில்லை. கைக்குட்டையை எடுத்து வேதவல்லியின் மடியில் வைத்தாள், உட்கார்ந்தாள், உட்கார்ந்த மாத்திரத்தில் வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டாள். நல்ல ஆளம்மா நீ! வேதவல்லிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஜெபக்கனியின் இடம் அது. என்ன ஜெபக்கனியின் இடம், பட்டா போட்டா கொடுத்திருக்கிறார்கள்? இந்த இடத்தில்தான் நசீமாவை உட்கார வைத்து வளைகாப்புப் பண்ணினார்கள். தாம்பரத்துக்கும் மாம்பலத்துக்கும் நடுவில், ஓடுகிற வண்டியில், கம்பியில் தலை இடிக்க நின்றுகொண்டு எலுமிச்சம்பழச் சாதமும் தயிர்சாதமும். பாரிமுனையில் மூக்குக் கண்ணாடிக் கடையில் பில் போடுகிறவள் என்பதால் பக்கத்துச் சந்தில் மொத்த விலைக்கு வளையல் வாங்கி வருவது எப்போதும் வேதவல்லிதான். வாங்கிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வாள். கல்யாணம் ஆகாதவள் கை படக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை, இவளாக ஒதுங்குவாள். அன்றைக்கு ஜெபக்கனி விடவில்லை, மணிக்கட்டைப் பிடித்துத் தரதரவென்று இழுத்து வந்தாள். நீ போடுட்டி, மொத வளையல் நீதான் போடணும். போட்டாள். நசீமாவின் கை சில்லென்று இருந்தது, வளையல் மாட்டாமல் முட்டிக்கொண்டு நின்றது, மெதுவாக அழுத்தி உருட்டியதும் உள்ளே போனது. இன்னும் அந்தச் சில்லிப்பு விரலில் இருக்கிறது. அந்தப் பிள்ளைக்கே இப்போது மீசை முளைக்கிறது. தனக்குள் இத்தனை வருஷம் சும்மா கிடந்த ஒன்றைத்தான் புதன்கிழமை எடுத்துக் குப்பையில் போடப்போகிறார்கள். யாருக்கும் உபயோகப்படாததற்குக்கூட இப்படி வலிக்குமா? டாக்டரம்மா கட்டி என்றாள், கெட்டது இல்லை என்றாள், பயப்படாதீங்க என்றாள். பயப்படவில்லை டாக்டர். ஆனால் யாராவது ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து அடிப்பாவி இத்தனை நாள் ஏன் சொல்லல என்று திட்டினால் நன்றாக இருக்கும்.

அண்ணன் ஓசூரில் இருக்கிறார். சொன்னால் ஓடி வருவார், ஆனால் வாசலோடு சரி, ஜென்ட்ஸை விடமாட்டார்கள். அண்ணி வரமாட்டாள். வந்தாலும் அந்த ஒரு ராத்திரியை ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாள், அதற்கு அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு கிடக்கலாம். கடையில் எல்லாம் ஆண்பிள்ளைகள், ஊருக்குப் போகிறேன் என்று லீவு சொல்லியிருக்கிறாள். எந்த ஊருக்குக்கா என்று கேட்டதற்கு ஓசூர் என்று ஒரு பொய். தெருவில் கேட்கலாமே என்று யாராவது சொல்லலாம். காலையில் அரக்கப்பரக்கக் கிளம்பி ராத்திரி இருட்டில் வீடு திரும்புகிறவளுக்குத் தெருவில் யாரைத் தெரியும்? எதிர்வீட்டு நாய்க்குத்தான் இவளைத் தெரியும், அதுவும் வாசனையை வைத்து. வாழ்க்கை மொத்தத்தையும் இந்த வண்டியில் கொண்டுவந்து வைத்தாயிற்று, பேங்கில் போடுவதுபோல, தேவைப்பட்டால் எடுத்துக்கொள்ளலாம் என்று. பெருங்களத்தூர் போனது, தாம்பரம் வந்தது, சனம் இறங்கியது, சனம் ஏறியது. நின்றவர்கள் எல்லோர் காதிலும் ஏதோ ஒன்று சொருகியிருந்தது. யாரும் யாரோடும் பேசவில்லை. முன்னெல்லாம் லேடீஸ் பெட்டியில் காது கொடுக்க முடியாது, இரைச்சல், சண்டை, குழாயடி தோற்றுவிடும். இப்போது சக்கரச் சத்தம் தெளிவாகக் கேட்கிறது. வேதவல்லி முகத்தை ஜன்னல் கம்பியோடு ஒட்டி வைத்துக்கொண்டாள். இந்தப் பக்கத்து ஜன்னலாகப் பார்த்து அவள் தினமும் உட்காருவதற்கு ஒரு காரணம் உண்டு, அதை யாரிடமாவது சொன்னால் மானக்கேடு. தாம்பரம் தாண்டி சானடோரியம் வருகிற இடத்தில் பின்னால் கிளம்பிய வேகவண்டி பக்கத்துப் பாதையில் வந்து இதைத் தாண்டிப் போகும். அதில் லேடீஸ் பெட்டி கடக்கும்போது ஒரு நொடி, அரை நொடி, ஜெபக்கனியின் தலை தெரியும். சில நாள் தெரியும், சில நாள் கூட்டத்தில் தெரியாது. அவள் இந்தப் பக்கம் பார்த்ததே இல்லை. பார்த்துக்கொண்டே வர அவளுக்கென்ன தலையெழுத்து.

சானடோரியத்தில் நின்று கிளம்பும்போது வேகவண்டி வந்துவிட்டது. இன்றைக்கென்று அதற்கு முன்னால் சிக்னல் சரியில்லை போலிருக்கிறது, மெதுவாக வருகிறது. இது வேகம் எடுக்கிறது, அது வேகம் எடுக்கவில்லை, இரண்டும் ஒன்றுக்கொன்று சமமாகிவிட்டன. ஒரு பெட்டி கடந்தது, இன்னொரு பெட்டி கடந்தது, பிறகு லேடீஸ் பெட்டி வந்து இவள் ஜன்னலுக்கு நேராக நின்றேவிட்டது. இரண்டும் ஓடுகின்றன, ஆனால் நிற்கிறது. வாசலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஜெபக்கனி. மஞ்சள் புடவை. காற்றில் முடி முகத்தில் அடிக்கிறது, ஒதுக்கி ஒதுக்கி விடுகிறாள், கையை நீட்டினால் தொட்டுவிடலாம். கனீ! என்று யாரோ கத்தினார்கள். கத்தியது தான்தான் என்று வேதவல்லிக்குத் தெரிய ஒரு கணம் ஆயிற்று. எழுந்து நின்று இரண்டு கையாலும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஜெபக்கனி திரும்பினாள். பார்த்தாள். ஐயோ, அந்த முகம் எப்படி மலர்ந்தது! வாயெல்லாம் பல்லாகக் கையை ஆட்டினாள், பக்கத்தில் நின்றவளை இடித்து, பாரு பாரு எங்க வேதா என்று சொல்லியிருக்க வேண்டும், அவளும் பார்த்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும் வேதவல்லிக்குள் எதுவோ அறுந்துபோயிற்று. "கனீ, எனக்கு ஆபரேஷன்டீ! புதன்கிழமை! கூட இருக்க யாருமில்லடீ எனக்கு! யாருமே இல்ல! நீ வர்றியாடீ?" ஞாயிற்றுக்கிழமை எழுதி எழுதி அழித்தது, ஒரு எழுத்து பிசகாமல், தொண்டை கிழிய வெளியே வந்துவிட்டது. ஜெபக்கனி காதருகே கையை வைத்தாள். என்ன? என்னட்டி? உதடு அசைவது மட்டும் தெரிந்தது. வேகவண்டிக்கு சிக்னல் விழுந்துவிட்டது, மஞ்சள் புடவை முன்னால் நகர்ந்தது, பிறகு பின்பெட்டிகள் ஒவ்வொன்றாக வேகம் வேகமாகப் போய், கடைசிப் பெட்டியும் போய், வெறும் தண்டவாளமும் கருங்கல் ஜல்லியும் மிச்சமிருந்தன. திரும்பினாள். பெட்டி மொத்தமும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. காதிலிருந்த வயரையெல்லாம் எடுத்துவிட்டுப் பார்த்தார்கள். அந்தக் காலேஜ் பெண் சட்டென்று குனிந்துகொண்டது. வேதவல்லி உட்கார்ந்தாள். புடவைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டாள், செத்துப்போய்விடலாம் போலிருந்தது.

மடியில் போன் அடித்தது. ஜெபக்கனிதான். "ஏட்டி, என்ன கத்துன, ஒண்ணும் கேக்கலட்டி, காத்து! என்னவாம்?" குரோம்பேட்டை வந்துகொண்டிருந்தது. சொல்லலாம். இதோ கேட்கிறாள், வாயைத் திறந்து கேட்கிறாள், சொல்லிவிடலாம். "ஒண்ணுமில்லடி, பாத்து நாளாச்சே, அதான் கூப்ட்டேன்" என்றாள் வேதவல்லி. "அடி கிறுக்கி, எல்லாரும் பாக்காக. ஒரு நா ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வா, என்னா?" "வர்றேன்டி." போனை வைத்தாள். வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். குரோம்பேட்டையில் கதவோரம் கொஞ்சம் பேர் இறங்கினார்கள், வண்டி மறுபடி கிளம்பியது. "அவங்களுக்குத்தாம்மா கேக்கல" என்று பக்கத்திலிருந்து ஒரு குரல். "எங்களுக்கெல்லாம் நல்லாவே கேட்டுச்சு." செக்யூரிட்டி அம்மாள் விழித்திருந்தாள். கண் இரண்டும் சிவந்திருந்தன, ராத்திரி முழுக்கத் தூங்காத கண். திட்டப்போகிறாள், தூக்கத்தைக் கெடுத்துட்டியே என்று கேட்கப்போகிறாள் என்று வேதவல்லி நினைத்தாள். "கேட்டாங்கல்ல, சொல்ல வேண்டியதுதான? எதுக்கு ஒண்ணுமில்லன்னீங்க?" தெரியலம்மா என்றாள் வேதவல்லி. அந்த அம்மாள் கட்டைப்பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து மூடியைத் திறந்து நீட்டினாள். "குடிங்க மொதல்ல. எந்த ஆஸ்பத்திரி? என்னா ஆபரேஷன்? சீக்கிரம் சொல்லுங்க, நான் பல்லாவரத்துல எறங்கணும்." வேதவல்லி குடித்தாள். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் ஆரம்பிக்க வேண்டியதை விட்டுவிட்டு, எட்டு பத்துன்னு ஒரு வண்டி இருந்துச்சும்மா என்று ஆரம்பித்தாள். ஆரம்பித்ததும் அழுகை வந்தது, அழுகைக்கு நடுவே நர்ஸ் வந்தாள், அண்ணி வந்தாள், கட்டி வந்தது, எல்லாம் முன்னுக்குப் பின்னாக வந்தது. அந்த அம்மாள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு ம், ம் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். வண்டி மெதுவாகிப் பல்லாவரத்தில் நின்றது. இறங்குகிறவர்கள் எழுந்து போனார்கள். உங்க ஸ்டேஷன் வந்துடுச்சு என்று வேதவல்லி சொன்னாள். அந்த அம்மாள் இறங்கவில்லை. "அப்பறம்?" என்றாள்.